தாமான் வீட்டுப் பின்புறத்தில் கரி மூட்டலாமா, சருகு எரிக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். மகள் எஸ்பிஎம் தேர்வு முடித்ததற்காக வீட்டுப் பின்புறத்தில் கரி மூட்டி, கோழியும் மீனும் வாட்டி, சொந்தக்காரர்களுக்கு விருந்து வைக்க ஆசை. பக்கத்து வீட்டுக்காரரோ, "திறந்தவெளி எரிப்பு குற்றம், புகார் கொடுப்பேன்" என்கிறார். அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா தினமும் சாயங்காலம் மாமரத்தடியில் சருகு கூட்டி எரிப்பார். புகை போட்டால்தான் மரம் பூக்கும், கொசுவும் போகும் என்பது அவர் வாதம். செத்தாப்பாக்கில் கொண்டோவில் இருக்கும் என் தங்கை, பால்கனியில் சின்னக் கரி அடுப்பு வைக்கலாமா என்று கேட்கிறாள். எது சரி, எது தப்பு?

பதில்: மூன்று நெருப்புகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் வேறு. விருந்துக்குக் கரி மூட்டிச் சமைக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. அப்பா சருகு எரிப்பது குற்றம், இன்றைக்கே நிறுத்துங்கள். தங்கை பால்கனியில் கரி மூட்டவே கூடாது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தில் நான் பொறுப்பில் இருந்தபோது வந்த புகார்களில் புகைச் சண்டைக்குக் குறைவே இல்லை. இரண்டு தரப்பும் சட்டத்தைப் பாதி தெரிந்துகொண்டு வந்து நிற்பார்கள். முழுதாகத் தெரிந்தால் பாதிச் சண்டை வராது.

அடிப்படை, 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், அதாவது சட்டம் 127. அதன் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 1997இல் நாடே புகைமூட்டத்தில் திணறிய பிறகு சட்டத்தில் சேர்ந்த பிரிவு இது. கூட்டரசுச் சட்டம் என்பதால் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் ஒன்றுதான். திறந்த வெளியில் நெருப்போ, எரிதலோ, கனன்று புகைவதோ நடந்து, அது புகைபோக்கி வழியாகப் போகவில்லை என்றால், அது திறந்தவெளி எரிப்பு. கொழுந்து விட்டு எரிய வேண்டும் என்பதில்லை. "தீயே இல்லை, லேசா புகையுது, அவ்வளவுதான்" என்று அப்பா சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அதுவும் எரிப்புதான்.

தண்டனை சின்னது இல்லை. முன்பு அதிகபட்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. அதோடு 5 ஆண்டு வரை சிறையும் உண்டு, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். சருகு எரித்த பெரியவரை யாரும் 5 ஆண்டு உள்ளே வைத்துவிடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த உச்சவரம்பு காடும் தோட்டமும் குப்பைமேடும் எரிப்பவர்களை மனதில் வைத்தது. ஆனால் வீடுகளுக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது, பிரிவு ஒன்றேதான். சின்ன விஷயங்களை கம்பவுனில், அதாவது நீதிமன்றம் போகாமல் கட்டிவிடும் தண்டத்தில், முடிப்பார்கள். அந்த கம்பவுனும் முன்பிருந்த 2,000 ரிங்கிட் வரம்புக்குள் இப்போது இல்லை, உயர்ந்துவிட்டது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. எரித்தவர் யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு இடத்தில் எரிப்பு நடந்தால், அந்த இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் வேலை. வீடு உங்கள் பேரில் இருந்தால், அப்பா பற்றவைத்த தீக்கு அதிகாரி கேட்கப்போவது உங்களைத்தான். புல் வெட்ட வந்த ஆள் மூலையில் குவித்துப் பற்றவைத்துவிட்டுப் போனாலும் அதே கதைதான்.

சரி, இப்படியே போனால் மூலைக்கு மூலை இருக்கும் சாத்தே கடைகளெல்லாம் என்ன ஆவது? அதற்காகத்தான் 2003இல் ஓர் ஆணை வந்தது. எந்தெந்த எரிப்பு, திறந்தவெளி எரிப்பில் சேராது என்று அது பட்டியல் போடுகிறது. நமக்கு வேண்டியவை மட்டும் சொல்கிறேன்: சமயச் சடங்குக்காகவும் வழிபாட்டுக்காகவும் எரிப்பது, சடலத் தகனம், வெளியில் கிரில், பார்பெகியூ போட்டுச் சமைப்பது. புகைமூட்டக் காலத்தில் ஜாஸ் என்று நாம் சொல்லும் சுற்றுச்சூழல் துறை முழுத் தடை அறிவித்தாலும், இவற்றுக்கு விலக்கு என்று அந்த அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. சருகு விஷயத்தில் அவர் பக்கம் சட்டம் இருக்கிறது. கோழி விஷயத்தில் இல்லை.

அப்பாவின் சருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரைத் திட்டி நிறுத்த முடியாது. அவர் சொல்லும் இரண்டு காரணங்களிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால், அதை ஒப்புக்கொண்டு பேசினால்தான் காது கொடுப்பார்.

மாமரத்துக்குப் புகை போடுவது மூடநம்பிக்கை இல்லை. பிலிப்பைன்ஸில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. மரத்தடியில் ஈரச் சருகைப் புகையவிட்டு, நாள்கணக்கில் கிளைகளுக்குள் புகை நிற்கும்படி செய்வார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் வாயு மரத்தைப் பூக்கத் தூண்டுகிறது. ஆனால் அந்த நாட்டிலேயே அந்த முறை பழையதாகிவிட்டது. ரமோன் பார்பா என்ற அறிவியலாளர், பொட்டாசியம் நைட்ரேட்டை நீரில் கரைத்து இலைகளில் தெளித்தால் புகையில்லாமலே மா பூக்கும் என்று கண்டுபிடித்தார். 100 பங்கு நீருக்கு 1 பங்கு பொட்டாசியம் நைட்ரேட் என்ற அளவிலான கரைசலே அங்கே வேலை செய்தது. உலகத்தில் பல நாடுகளில் இன்று அதுதான் வழக்கம். எல்லா ரகமும் ஒரே மாதிரி கேட்காது, கொழுந்து முற்றிய கிளைதான் பூக்கும், முற்றாத கிளையில் எதைத் தெளித்தாலும் பயனில்லை. ஆனால் இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். உரக்கடையில் அவரையே கேட்டு வாங்கவிடுங்கள். மரத்தை நேசிக்கும் ஆளுக்கு, "எரிக்காதீங்க" என்பதைவிட "இப்படிச் செஞ்சு பாப்போமாப்பா" என்பது நன்றாகப் புரியும்.

கொசு விஷயத்தில் புகை இருக்கும்வரை கொசு விலகும், அவ்வளவுதான். புகை அடங்கியதும் திரும்பி வரும். டெங்கி பரப்பும் ஏடிஸ் தேங்கிய சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். கூரை ஓடையில் சருகு அடைத்து நிற்கும் தண்ணீர், பூச்சட்டித் தட்டு, ஏர்கான் தண்ணீர் சொட்டும் வாளி, இவைதான் அதன் வீடு. எரிக்கும் அந்த அரைமணி நேரத்தை ஓடையைச் சுத்தம் செய்வதில் செலவிட்டால் கொசு உண்மையிலேயே குறையும். வீட்டில் ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் அதற்கும் 500 ரிங்கிட் வரை கம்பவுன் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

குவிந்த சருகை என்ன செய்வது? கோலாலம்பூரில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், பெரிய சாமான், தோட்டக் கழிவு என்று அள்ளும் முறை 2015 முதல் இருக்கிறது. கட்டித் தனியாக வைத்தால் அந்த நாளில் எடுத்துப் போவார்கள். லாரி வரும் ஊரில், வேறு வழியில்லாமல் எரித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமை இருந்தால், மூலையில் ஒரு கம்பி வலைக்கூண்டில் சருகைப் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரை அவ்வப்போது ஊற்றி மக்கவிடுங்கள். மாமரத்துக்கே உரமாகத் திரும்பும்.

சருகுப் புகையை நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறேன் என்றால், அது சமையல் கரியைவிட எவ்வளவோ மோசம். பாதி ஈரமான இலை நன்றாக எரியாது, கனன்றுகொண்டே கிடக்கும். அப்படிக் கனலும்போதுதான் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் அதிகம் வரும். கூட்டிய குவியலில் ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு நெஸ்கஃபே பாக்கெட், உடைந்த குழாய்த் துண்டு என்று ஏதாவது கலந்திருக்கும். பிவிசி எரிந்தால் டையாக்சின் வரும். நம் வரிசை வீடுகளில் சுவருக்கு இந்தப் பக்கம் புகைந்தால் அந்தப் பக்கத்துப் படுக்கையறை ஜன்னல் சில அடி தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. இந்த ஊர் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. சாயங்காலம் காற்று ஓய்ந்து, தரை குளிர்ந்தபின் புகை மேலே ஏறாமல் தாழ்வாகவே நிற்கும். அப்பா எரிக்கத் தேர்ந்தெடுத்த நேரம் அதற்கு மிக மோசமான நேரம்.

இனி விருந்துக்கு வருவோம். சட்டம் விலக்கு கொடுத்திருப்பது சமைப்பதற்கு. புகையால் அண்டை வீட்டாரை வதைப்பதற்கு இல்லை. பார்பெகியூ திறந்தவெளி எரிப்பு ஆகாது என்றாலும், தொல்லை என்ற கணக்கில் மாநகர் மன்றத்துக்குப் புகார் போகலாம். கவனமில்லாமல் நெருப்பைக் கையாண்டு பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் தண்டனைச் சட்டம் 285ஆம் பிரிவு இருக்கிறது. நல்லபடியாகச் செய்தால் இதில் எதற்கும் இடம் வராது.

முதலில் இடம். பின்புறம் என்று நீங்கள் சொல்வது உங்கள் வேலிக்குள்ளா, வேலிக்கு வெளியே லோரோங் என்னும் பின்சந்திலா? எத்தனையோ வீடுகளில் பின்கதவைத் திறந்து லோரோங்கில்தான் அடுப்பு வைக்கிறார்கள். லோரோங் உங்கள் நிலம் கிடையாது. ஒரு காலத்தில் கழிவு வாளி எடுத்துப் போவதற்காக விட்ட சந்து, இன்று கால்வாய்க்கும் சாக்கடைக் குழாய்க்கும் தீயணைப்பு வீரர்கள் நுழைவதற்கும் உள்ள வழி. அங்கே நாற்காலி மேசை அடுக்கி அடைத்துவிட்டு நெருப்பும் மூட்டினால், அவசரத்துக்கு பொம்பா எந்தப் பக்கம் வரும்? முன்பக்கச் சாலையில் கூடாரம் போடுவதாக இருந்தால் மாநகர் மன்றத்திடமும் போலீசிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கார் போர்ச்சில் மூட்டலாமா என்றால், மேலே பாருங்கள் என்பேன். பாதி வீடுகளில் பாலிகார்பனேட் கூரையோ அலுமினியத் தகட்டுக் கூரையோ இருக்கிறது. அந்த அலுமினியத் தகடுகளில் பலவற்றின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். கீழே நெருப்பு எழும்பினால் பாலிகார்பனேட் உருகிச் சொட்டும், நடுவில் பிளாஸ்டிக் உள்ள தகடு பற்றிக்கொள்ளும். பக்கத்தில் கார் வேறு நிற்கும். மேலே வானம் தெரியும் இடம்தான் வேண்டும். சுவர், வேலி, துணிக்கொடி, கேஸ் தோம்பு இவற்றிலிருந்து முடிந்தால் 3 மீட்டர் விலகியிருக்கட்டும். 20 அடி அகல வீட்டில் எல்லாப் பக்கமும் 3 மீட்டர் கிடைக்காது என்பது தெரிந்ததே. அப்படியானால் அடுப்பைச் சின்னதாக்குங்கள். ஒரு பெரிய டிரம் அடுப்புக்குப் பதில் இரண்டு சின்ன அடுப்பு. கொழுந்தின் உயரம் அடுப்பின் அளவோடு ஏறும்.

நிரந்தரமாகச் செங்கல் அடுப்பு கட்டி மேலே கூரையும் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விருந்து நன்றாக அமைந்தால் அந்த ஆசை வரும். தளர்வாக அடுக்கிய செங்கலுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். கூரையோடு பின்புறத்தை நீட்டிக் கட்டினால் அது கட்டடம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மாநகர் மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது கரி. இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல புகையில்லாத விருந்தின் முக்கால் பங்கு கரியிலேயே முடிந்துவிடுகிறது. பேராவில் கோலா செபெத்தாங் பக்கம் மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்திலிருந்து சுட்டு எடுக்கும் பாகாவ் கரி கிடைத்தால் அதை வாங்குங்கள். 1902 முதல் முறைப்படி பராமரித்து, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மறுபடி நட்டு வரும் காடு அது. அந்தக் கரி கனமானது, நின்று எரியும், நன்றாகப் பற்றியபின் புகை மிகவும் குறைவு. இலேசான, தட்டினால் மந்தமாக ஒலிக்கும், ஈரம் ஏறிய கரி மலிவாகக் கிடைக்கும். அதுதான் முழுத் தெருவையும் இருமவைக்கும். வாங்கிய கரி ஈரமாக இருந்தால் விருந்துக்கு முன்நாள் வெயிலில் காயவையுங்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பெரிய பால்மாவு டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி, அடியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடுப்பின் மேல் நிறுத்தி, கீழே காகிதமும் தேங்காய்ச் சிரட்டைத் துண்டும் வைத்து, மேலே கரியைக் கொட்டுங்கள். டின்னுக்குள் காற்று மேல்நோக்கி இழுக்கும், அரைமணி நேரத்துக்குள் கரி முழுவதும் வெள்ளைச் சாம்பல் பூத்துவிடும். அதுவரை இறைச்சியை வைக்காதீர்கள். புகையில் பெரும்பகுதி வருவது இந்த முதல் அரைமணியில்தான், அவசரப்படுகிறவர்கள்தான் அதை இரண்டு மணி நேரமாக நீட்டிக்கிறார்கள். பழைய பலகை, லாரியில் வரும் மரத்தட்டு, பெயின்ட் அடித்த கதவுச் சட்டம் இவற்றை எரித்து அதில் சமைக்கக் கூடாது. பூச்சிக்கு மருந்து ஊட்டிய மரத்தின் புகை பக்கத்து வீட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் கோழிக்கும் நஞ்சு.

இரண்டாவது பெரிய புகை கொழுப்பிலிருந்து வரும். கோழித்தோலும் மசாலா எண்ணெயும் கனலில் சொட்டச் சொட்ட நீலப்புகை கிளம்பும். கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் ஒரு அலுமினியத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, கொழுப்புள்ள துண்டுகளை அந்தத் தட்டுக்கு மேலே வைத்து வேகவிடுங்கள். கடைசியில் மட்டும் கனலுக்கு நேராகக் காட்டினால் நிறமும் மணமும் வந்துவிடும். மீனை வாழையிலையில் சுற்றினால் சொட்டவே சொட்டாது. கொழுந்து எழும்பினால் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது, கொதிக்கும் கொழுப்பு தெறித்துக் கொழுந்து பெரிதாகும். மூடி போடுங்கள், அல்லது மணலைத் தூவுங்கள். ஒரு வாளி மணலும், சின்னதாக ஏபிசி தூள் அணைப்பானும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்னொரு வாளித் தண்ணீர் எதற்கு என்றால், பறந்து விழும் பொறிக்கு.

கரிக்குப் பதில் கேஸ் கிரில் வைத்தால் புகை வெகுவாகக் குறையும். ஆனால் சமையல் கேஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது, தரையோடு ஊர்ந்து பின்புறச் சாக்கடைக்குள் இறங்கித் தங்கும். தோம்பை நிமிர்த்தி, சாக்கடை மூடியிலிருந்து விலக்கி வையுங்கள். சின்னக் குப்பி போடும் மேசை அடுப்பைப் பயன்படுத்துவோர், அடுப்பையும் குப்பியையும் சேர்த்து மூடும் அகலத்துக்குப் பெரிய தட்டை வைக்கவே கூடாது. தட்டின் வெப்பம் திரும்பிக் குப்பியைச் சுடும், குப்பி வெடிக்கும்.

நேரம் பற்றி. மதியம் மூட்டி மாலைக்குள் முடிப்பது நல்லது என்பது என் கருத்து. மேலே சொன்னதுபோல இரவில் புகை தங்கும், எல்லாரும் ஜன்னலைத் திறந்து வைக்கும் நேரமும் அதுதான். சாயங்கால மழையும் இந்த ஊரில் அடிக்கடி வரும். நோன்பு மாதத்தில் விருந்து என்றால், மலாய்க்காரர் அண்டை வீட்டில் நோன்பு திறக்கும் முன்பே கோழி வாசனையை அனுப்பாதீர்கள். நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல தைப்பூச விரதத்தில் இருக்கும் வீடு பக்கத்தில் இருந்தால், இரண்டு வாரம் தள்ளிவைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தக் கோபக்கார அண்டை வீட்டாரிடம் இரண்டு நாள் முன்பே நேரில் போய், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த மூலையில் என்று சொல்லுங்கள். அப்பா சருகு எரிப்பதை நிறுத்தியாயிற்று என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அதைக் கேட்டபின் அவர் விருந்துக்கு எதிராகப் பேச வாய்ப்பு மிகக் குறைவு. ஏனென்றால் அவரை வதைத்தது தினசரிப் புகை, ஒரு நாள் கோழி இல்லை. அவரையும் கூப்பிடுங்கள், வரவில்லை என்றால் ஒரு தட்டு கொடுத்தனுப்புங்கள்.

அன்று காலையில் ஐபியு எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதமானது, அதைத் தாண்டினால் ஆரோக்கியமற்றது. சட்டம் பார்பெகியூவுக்கு விலக்கு கொடுத்திருந்தாலும், 100ஐத் தாண்டிய நாளில் ஊரே முகக்கவசத்தோடு நடக்கும்போது கரி மூட்டுவது சரியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், குறிப்பாக ஆகஸ்ட், செப்டம்பரில், இது அடிக்கடி வரும் கவலை.

பொங்கலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வாசலில் விறகு வைத்துப் பொங்கல் பொங்குவது வழிபாடும் சமையலும் சேர்ந்தது, தைரியமாகச் செய்யுங்கள். வீட்டில் ஓமம் வளர்ப்பதும் சமயச் சடங்குதான். போகி அன்று பழைய பாய், மெத்தை, துணி, பிளாஸ்டிக் எல்லாம் வாரிப் போட்டு எரித்துவிட்டு அதையும் சடங்கு என்று சொல்லாதீர்கள். ஒரு சின்னக் கற்பூரமும் இரண்டு ஓலையும் போதும் சடங்குக்கு. மெத்தையைப் பெரிய சாமான் எடுக்கும் நாளில் வெளியே வையுங்கள். சீன அண்டை வீட்டார் காகிதம் எரிக்கும் மாதத்தில் நாம் பொறுத்துக்கொள்வதும் இதே விலக்கின் கீழ்தான்.

இப்போது தங்கை. கொண்டோவில் கதையே வேறு. அங்கே 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும், அதன் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளும் சேர்ந்துகொள்ளும். புகையோ நாற்றமோ எழுப்பும் எரிபொருளைத் தன் வீட்டில் பயன்படுத்தக் கூடாது என்று அந்த விதிமுறைகளிலேயே இருக்கிறது. கரி அதில் நேராக மாட்டுகிறது. மீறினால் நிர்வாகம் ஒவ்வொரு தடவைக்கும் 200 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். வேலி போட்ட தரைவீட்டுக் குடியிருப்புகளிலும் பல இடங்களில் இதே விதிகள் ஓடுகின்றன. உங்கள் செந்தூல் வீட்டுக்கு அப்படி நிர்வாகம் இல்லை என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள்.

அபராதம் பெரிதில்லை என்று தங்கை நினைக்கக் கூடாது. பால்கனியில் எழும் புகை நேராக மேல்மாடி வீட்டுக்குள் போகும், பொறி கீழ்மாடித் துணியில் விழும். மழை வந்தது என்று அடுப்பை உள்ளே நகர்த்திக் கதவைச் சாத்தினால் அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். கனலும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறமும் மணமும் இல்லாத வாயு, மயக்கம் வருவது தெரிவதற்குள் எழுந்து நடக்க முடியாமல் போய்விடும். கதவுக்கு வெளியே தாழ்வாரத்திலும் வைக்க முடியாது, அது தப்பி ஓடும் வழி. பெரும்பாலான கொண்டோக்களில் நீச்சல்குளம் பக்கம் பார்பெகியூ மேடை இருக்கும். முன்பதிவு செய்து, வைப்புத்தொகை கட்டி, அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குள் என்றால் மின்சார கிரில். இல்லை, உங்கள் வீட்டுக்கே வந்துவிடட்டும்.

பினாங்கில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் சட்டமும் அடுக்குமாடிச் சட்டமும் உங்களுக்கும் இதேதான், மாநகர் மன்றம் மட்டும் வேறு, தீவில் அது எம்பிபிபி. ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் குடியிருப்போர் வீட்டு நடு முற்றத்தில் கரி மூட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மரத்தளம், மரப்படி, மரக்கூரை, பொதுச்சுவர். ஒரு வீட்டில் பற்றினால் வரிசையே போகும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தெருக்கள் அவை, எரிந்தால் திரும்பக் கட்ட முடியாது.

விருந்தன்று அதிகாரி வந்தாலும் பதற வேண்டாம். அடுப்பு, கரி, வாட்டிக்கொண்டிருக்கும் கோழி எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் அதுவே பதில். மரியாதையாகக் காட்டுங்கள், புகை அதிகம் என்றால் அவர் முன்னாலேயே மூடி போட்டுக் குறையுங்கள். வேறு யாரோ தினமும் குப்பை எரித்து உங்களைத் தொல்லைப்படுத்தினால், ஜாஸின் இலவச எண் 1-800-88-2727. நெருப்பே பரவுகிறது என்றால் 999.

ஒரே ஒரு இடத்தில்தான் நல்ல விருந்துகள் சட்டத்தின் தப்பான பக்கம் விழுகின்றன. சாப்பிட்டு முடித்ததும், கனல் இன்னும் இருக்கிறதே என்று காகிதத் தட்டு, பாலிஸ்டிரீன் பெட்டி, பிளாஸ்டிக் கப், மிச்ச எலும்பு எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் சமையல் தீ முடிந்து குப்பை எரிப்பு தொடங்குகிறது, விலக்கும் அதோடு போய்விடுகிறது. சொந்தக்காரப் பையன்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், குப்பைப் பையை அடுப்பிலிருந்து தள்ளிக் கண்ணில் படும் இடத்தில் கட்டுங்கள். கனலைக் கிளறிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தகர வாளியில் அள்ளி, மறுபடி தண்ணீர் ஊற்றி, சிமெண்ட் தரையில் மூடிவையுங்கள். வெளியே சாம்பலாகத் தெரியும் கரி உள்ளே ஒரு நாளுக்கு மேலும் கனன்றுகொண்டிருக்கும். மறுநாளே பச்சைக் குப்பைத் தோம்பில் கொட்டினால் தோம்பு உருகும், லாரிக்குள் போனால் லாரியே பற்றும். இரண்டு நாள் கழித்து, கையால் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.